ராக்கெட்டிலிருந்து அடுப்புக்கு

விளாத்திகுளத்திலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், கரிசல் காட்டின் நடுவே மண் பூசிய குவியல் ஒன்று புகைந்துகொண்டிருப்பதைக் காணலாம். அதுதான் கரிமூட்டம். சீமைக் கருவேல விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, தீ மூட்டிப் பல நாள் புழுங்க விடுவார்கள். நாலைந்து பங்கு விறகு, ஒரு பங்கு கரியாக இளைத்து வெளிவரும். மீதி எங்கே போயிற்று என்று வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். "புகையாய்ப் போச்சு, சார்!" என்றான் ஒரு பையன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழையே இல்லை. அந்தப் புகையில் நீராவியும் உண்டு. தீப்பற்றி எரியக்கூடிய வாயுக்களும் ஏராளமாக உண்டு.

அந்தப் புகையை வீணாக்காமல் வேலை வாங்குவது எப்படி என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஒருவர் பெங்களூரில் இருந்தார். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஹெச். எஸ். முகுந்தா அவர்களைத்தான் சொல்லுகிறேன். எரிதல் என்னும் சாஸ்திரத்தில் அவர் முதலில் கற்றதும் கற்பித்ததும் ராக்கெட்டின் தீயைப் பற்றியே. திட எரிபொருள் எப்படிச் சீராக எரிகிறது, திட எரிபொருளோடு வேறொரு ஆக்ஸிஜனேற்றியைச் சேர்த்தால் என்ன நேரிடும் என்பவை அவருடைய ஆரம்ப கால ஆராய்ச்சிகள்.

இத்தகைய ஒருவர் விறகுக்கும் அடுப்புக்கும் இறங்கி வந்தார் என்றால், நம்மில் பலர் புருவத்தை உயர்த்துவோம். ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறவருக்குச் சபையில் நாற்காலி போடுவோம். அடுப்பைப் பற்றிப் பேசுகிறவரைச் சமையலறைக்கு வழிகாட்டி அனுப்புவோம். ஆயினும் தீ ஒன்றே அல்லவா? 1974-ல் அமூல்ய ரெட்டி அவர்களின் முயற்சியால் கிராமத் தொழில் நுட்பத்துக்கென்று 'அஸ்த்ரா' என்ற பிரிவு அந்தக் கழகத்தில் தோன்றியிருந்தது. 1980-களில் முகுந்தாவும் சகாக்களும் விறகு வாயு யந்திரத்தில் முனைந்தார்கள். அவர்களுடைய பிரயோகசாலை, எரிதல், வாயுவாக்கம், உந்துவிசை என்ற மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கி நின்றது.

விறகு வாயு நமக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, நம் சாலைகளில் கரி பஸ்கள் ஓடியதைப் பாட்டன்மார் கதை கதையாகச் சொல்லுவார்கள். யுத்தம் முடிந்ததும் ஜனங்கள் அதைக் கைகழுவினார்கள். கரிக்குப் பதிலாகப் பச்சை விறகையே போட்டால் தொல்லை இன்னும் பெரிது. புகையோடு வரும் தார் யந்திரத்தின் குழாய்களில் பிசினாக ஒட்டி அதை நிறுத்திவிடும்.

முகுந்தா குழுவினரின் யந்திரம் மேற்புறம் திறந்தது. உலர்ந்த விறகுத் துண்டுகளை மேலிருந்து போடுவார்கள். காற்று மேலிருந்தும் பக்கத்துத் துளைகளிலிருந்தும் புகும். ஆகவே விறகு கக்கும் தாரில் பெரும்பகுதி உள்ளேயே எரிந்துபோகிறது. அதன் பின் உண்டாகும் கரியமில வாயுவும் நீராவியும், கனன்றுகொண்டிருக்கும் கரிப்படுகையின் ஊடே இறங்கும்போது, கார்பன் மோனாக்ஸைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. வெளிவரும் வாயுவில் இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் மிகுதி நைட்ரஜன். அதைக் குளிர்வித்துச் சுத்தம் செய்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். 1990-களில் சுவிட்சர்லாந்து நிபுணர்களும் சேர்ந்து இதைப் பரீட்சித்தார்கள் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கர்நாடகத்தில் தும்கூர் ஜில்லாவைச் சேர்ந்த ஹொசஹள்ளி, அப்போது மின்சாரக் கம்பி எட்டாத குக்கிராமமாக இருந்தது. 1988-ல் அங்கே இந்த வாயுவால் விளக்கு எரிந்தது. பின்னர் குடிநீர் இறைத்தது; மாவும் அரைத்தது.

அடுப்பின் கதை அவ்வளவு சுபமாக முடியவில்லை. பயிர்க் கழிவை அழுத்திச் செய்த சிறு கட்டிகளைச் சின்னஞ்சிறு விசிறியின் காற்றில் எரிக்கும் 'ஊர்ஜா' அடுப்பு இந்த ஆராய்ச்சியில் பிறந்ததே. பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமார் 4 லட்சம் குடும்பங்கள் வாங்கின. ஆனால் கட்டியின் விலை ஏறிற்று. அநேகர் அடுப்பை மூலையில் வைத்துவிட்டார்கள். அடுப்பின் மீது குற்றமில்லை. எரிபொருளின் விலையைப் பிரயோகசாலையில் அடக்க முடியுமா?

வகுப்பைச் சிரிக்க வைத்த அந்தப் பையனின் தகப்பனார் கரிமூட்டம் போடுகிறவர். சில நாள் கழித்து, "அந்தப் புகையிலே எங்க மோட்டார் ஓடுமா, சார்?" என்று கேட்டான். அப்படியே விட்டால் தார் அடைத்துக்கொள்ளும், ஒரு நாள்கூட ஓடாது என்றேன். போர்டில் கரிப்படுகையைப் படம் போட்டுக் காட்டினேன். மணி அடித்த பிறகும் அவன் அந்தப் படத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.