வான்கோழி வேட்டையும் சோக் கணக்கும்

சோக் என்றதும் நம்மில் பலருக்கு டியூப்லைட்தான் ஞாபகம் வரும். அடுத்தபடியாக, காலையில் கிளம்ப மறுக்கும் பழைய பைக். இந்தக் குறிப்பு மூன்றாவது வகை சோக் பற்றியது. ஷாட்கன் குழலின் வாய்ப்பக்கம் இருக்கும் குறுகல்தான் அது.

அமெரிக்காவில் வசந்தகாலம் என்றால் காட்டு வான்கோழி வேட்டை சீசன். "எந்த சோக் போடலாம்?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் கேட்டுப் படிக்கப் படிக்க, இது அடிப்படையில் ஒரு நிகழ்தகவுக் கணக்கு என்று புரிந்தது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

சோக் என்ன செய்கிறது?

ஷாட்கன் தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு இல்லை, நூற்றுக்கணக்கான சிறு ரவைகள். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரியத் தொடங்கும். 12 கேஜ் துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம். கடைசி ஓரிரண்டு அங்குல நீளத்தில் அதைக் கொஞ்சம் குறுக்கினால் ரவைக் கூட்டம் விரிவது மெதுவாகும். இது 19ஆம் நூற்றாண்டு யோசனை. இங்கிலாந்தில் 1866லும் அமெரிக்காவில் 1868லும் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். இப்போது சோக் என்பது மரையில் திருகிப் போடும் சின்னக் குழாய். வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம்.

பழைய அளவுகோல் இதுதான்: 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது? சிலிண்டர் (குறுகலே இல்லாதது) 40, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50, மாடிஃபைட் 60, ஃபுல் 70. வான்கோழிக்கென்று விற்கும் சோக்குகள் ஃபுல்லையும் விட இறுக்கமானவை. 12 கேஜில் அவற்றின் வாய் பெரும்பாலும் 0.640 முதல் 0.670 அங்குலம் வரை இருக்கும்.

வான்கோழிக்கு மட்டும் ஏன் தனி சோக்?

காடையோ வாத்தோ பறக்கும்போது சுடப்படுவது. விரிந்த ரவைக் கூட்டம் அங்கே உதவி. வான்கோழியை அப்படிச் சுடுவதில்லை. பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலைப் பக்கத்தில் வரவழைத்து, தரையில் நிற்கும்போது சுடுகிறார்கள். வளர்ந்த சேவல் 20 பவுண்டு தாண்டும். கனமான சிறகு, அதன் அடியில் தடித்த மார்புத்தசை. உடம்பில் ரவை பட்டால் பெரும்பாலும் அது அங்கேயே விழாது. ஓடிப்போய்ப் புதரில் மறைந்து பிறகு சாகும். வேட்டைக்காரனுக்கும் கிடைக்காது, பறவைக்கும் வதை.

அதனால் இலக்கு தலையும் கழுத்தெலும்பும் மட்டுமே. இவ்வளவு சின்ன இலக்குக்கு 30 அங்குல வட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வான்கோழிக்காரர்கள் 10 அங்குல வட்டத்தில் எண்ணுகிறார்கள். அதற்குள் 100 ரவையாவது விழ வேணும் என்பது அவர்களிடையே புழங்கும் விதி.

100 என்பது எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் கூடியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அங்குல வட்டத்தின் பரப்பு 78.5 சதுர அங்குலம். மூளை, கழுத்தெலும்பு இரண்டும் சேர்ந்து 4 சதுர அங்குலம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ரவைகள் வட்டத்துக்குள் சமமாகச் சிதறுகின்றன என்றும் கொள்வோம் (நிஜத்தில் நடுவில் அடர்த்தி அதிகம்).

100 ரவை விழுந்தால் அந்த 4 சதுர அங்குலத்தில் சராசரியாக 5 ரவை. 50 விழுந்தால் 2.5. 25 விழுந்தால் 1.3. சராசரி ஒன்றுக்கு மேல் இருக்கே, போதாதா? போதாது. சிதறல் என்பதால் சில தடவை ஒன்றுகூடப் படாமல் போகும். பாய்சான் பரவலின்படி அந்த வாய்ப்பு இப்படி வருகிறது:

- 25 ரவை: 100க்கு 28 தடவை
- 50 ரவை: 100க்கு 8 தடவை
- 100 ரவை: 100க்கு ஒன்றுக்கும் குறைவு

ஆக, 100 என்பது சும்மா ஒரு முழு எண்ணுக்காகச் சொன்னது இல்லை. பாதியாகக் குறைத்தால் ஆபத்து இரண்டு மடங்கு ஆவதில்லை, பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது.

அப்போ இருப்பதிலேயே இறுக்கமானதை வாங்கிவிடலாமா?

இல்லீங்க. மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது, கிட்டத்து தூரம். 40 கஜத்தில் அருமையாக விழும் சோக், 12 கஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் எல்லா ரவையையும் கொட்டிவிடும். சேவல் அசைந்துகொண்டே இருக்கும், சுடுபவருக்கோ நெஞ்சு படபடக்கும். மூன்று அங்குலம் தள்ளிப் போனால் முழுசாகத் தப்பும்.

இரண்டாவது, அளவுக்கு மீறி நெருக்கினால் ஈய ரவைகள் ஒன்றோடொன்று நசுங்கி உருக்குலையும். உருண்டையாக இல்லாத ரவை நேராகப் போகாது. இறுக்க இறுக்க வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு மறுபடி சிதற ஆரம்பிக்கும்.

மூன்றாவது, சோக்கின் எண் தனியாக ஒன்றும் சொல்லாது. 0.729 குழலில் 0.660 சோக் என்றால் குறுகல் 0.069 அங்குலம். மாஸ்பெர்க் 835 மாதிரி 0.775 குழல் உள்ள துப்பாக்கியில் அதே 0.660 என்றால் 0.115. பெயர் ஒன்று, வேலை வேறு. ஒரு கம்பெனி மரை இன்னொரு கம்பெனி துப்பாக்கியில் ஏறாது என்பதையும் மறக்கக்கூடாது.

தோட்டாவையும் சேர்த்துப் பாருங்க

ஒன்றேமுக்கால் அவுன்ஸ் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 4ஆம் எண் ஈய ரவை அதில் சுமார் 236 இருக்கும், 5ஆம் எண் 297, 6ஆம் எண் 394. 100 ரவை 10 அங்குலத்துக்குள் வர, 4ஆம் எண்ணில் 42 சதவீதம் உள்ளே விழ வேணும், 6ஆம் எண்ணில் 25 சதவீதம் போதும். ஆனால் சின்ன ரவைக்குத் தூரத்தில் துளைக்கும் வலு குறைவு.

டங்ஸ்டன் ரவை இந்த இழுபறியைத் தளர்த்துகிறது. ஈயத்தின் அடர்த்தி 11 என்றால் இதற்கு 18. அதனால் பொடியான 9ஆம் எண்ணே பெரிய ஈய ரவைபோலத் துளைக்கும். அதே எடையில் 630 ரவை அடங்கும், 16 சதவீதம் உள்ளே வந்தால் போதும். ஆகவே மிக இறுக்கமான சோக் கட்டாயம் இல்லை. விலைதான் பல மடங்கு. இது ஈயத்தைவிடக் கடினம் என்பதால் சோக் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்க்கணும். சில மாநிலங்களில் ரவை எண்ணுக்குச் சட்ட வரம்பும் உண்டு.

காகிதம்தான் தீர்ப்பு

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். ஒரு சோக், ஒரு தோட்டா வகை. பெரிய காகிதத்தில் குறி வைத்து 20, 30, 40 கஜத்தில் தலா மூன்று தடவை சுடுங்க. இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பாருங்க. அடர்த்தியான பகுதியின் மையம் குறிவைத்த இடத்தில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு பார்வைக் குறியில், சோக்கை மாற்றி என்ன பயன்? அடுத்து, 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை? மூன்றில் மோசமானதை எடுத்துக்கோங்க, சராசரியை நம்ப வேண்டாம். காட்டில் கிடைப்பது ஒரே ஒரு வெடி.

மோசமான எண்ணிக்கை எந்தத் தூரத்தில் 100க்குக் கீழே இறங்குகிறதோ, அதுவே உங்கள் எல்லை. 32 கஜம் என்று வந்தால் 32தான். 35 கஜத்தில் எவ்வளவு அழகான சேவல் வந்து தோகை விரித்தாலும் விசையைத் தொடக்கூடாது. 15 கஜத்தில் வட்டம் ரொம்பச் சிறுத்தால், ஒரு படி தளர்வான சோக்கை எடுத்து மறுபடி எண்ணுங்க.

சோக் தேர்வு என்பது எவ்வளவு தூரம் சுடலாம் என்று தேடுவது மாதிரி தெரிகிறது. உண்மையில் எந்தத் தூரத்தில் சுடாமல் விடணும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அது.