மெத்தையும் காகித விளக்கும்

பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும் நாம், கண்ணை மூடிக்கொண்டால் தள்ளாடுகிறோம். ஏன்? விழாமல் நிற்பதற்குக் கண், பாதம், உட்செவி ஆகிய மூன்றும் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பக்கவாதம் கண்ட ஒருவர் நிற்கத் தடுமாறினால், இம்மூன்றில் அவர் எதை நம்பி நிற்கிறார்? அவரைக் கைவிட்டது எது? இத்தகைய கேள்விகளையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அமெரிக்கப் பிசியோதெரபி பேராசிரியை ஆன் ஷம்வே-குக் அம்மையார்.

இதைச் சோதிக்கும் இயந்திரமோ விலை மிக்கது. 1986-ஆம் ஆண்டு அவரும் ஃபே ஹொராக் அம்மையாரும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். தடித்த ஃபோம் மெத்தை ஒன்று, ஜப்பானியக் காகித விளக்குக்கூடு ஒன்று, அவ்வளவுதான்! மெத்தைமேல் நின்றால் பாதம் தரும் செய்தி மங்கிவிடும். கூட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாலோ, உடல் சாயும்போது கூடும் சேர்ந்தே சாய்வதால், “நீ அசையவில்லை” என்று கண் பொய் சொல்லும். கண் திறந்தும், மூடியும், கூட்டை அணிந்தும், முதலில் தரையிலும் பின்னர் மெத்தையிலுமாக ஆறு நிலைகள். ஒவ்வொன்றிலும் 30 விநாடி நிற்கவேண்டும். எந்த நிலையில் தளர்கிறாரோ, அதற்கேற்ற பயிற்சியைத் தொடங்கலாம்.

பின்னர் 1995-ல் மார்ஜரி வுல்லகாட் அம்மையாருடன் அவர் எழுதிய பாடநூல் பிசியோதெரபி மாணவருக்கு வழிகாட்டியாயிற்று.

பகலில் நன்றாக நடக்கும் பாட்டி, விளக்கணைந்ததும் சுவரைப் பிடிப்பதைக் கண்டு நாம் சிரித்ததுண்டு. பாவம், அவர் கண்ணை நம்பியல்லவா நின்றிருக்கிறார்!