ரத்தப் புற்றுநோய்க்கு நால்வகை மருந்து! நித்தியகல்யாணியும் சேர்ந்து காத்த உயிர்கள்

நித்தியகல்யாணிப் பூவை அறியாதவர் உண்டோ? பழனிசெட்டிபட்டியிலும் சரி, கம்பத்திலும் சரி, வேலியோரத்தில் தானாக முளைத்துப் பூத்து நிற்கும் செடி அது. ஆடுகூட வாய் வைக்காது. அந்தச் செடியிலிருந்துதான் 'வின்கிரிஸ்டின்' என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காக்கும் மருந்துகளில் அது ஒன்று.

ஆனால் அது தனியே நின்று நோயை வென்றதில்லை!

நோய் என்ன செய்கிறது?

ரத்தம் ஊறும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே கடுமையான ரத்தப் புற்றுநோய். நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. உடல் வெளுக்கிறது; காய்ச்சல் விடுவதில்லை; ஈறில் ரத்தம் கசிகிறது; அடிபடாமலே தோல் கன்றிப்போகிறது. வைத்தியம் இல்லையேல் சில மாதங்களில் உயிருக்கே முடிவு.

சென்னையில் படித்த மேதை

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய குழுவினர் உருவாக்கிய 'அமினோப்டெரின்' மருந்தை, பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகள் தேறினர். இது 1948-ல் வெளிவந்த செய்தி. அந்தோ, சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது! ஒரு மருந்துக்குத் தப்பிய அணுக்கள் மறுபடி பெருகிவிட்டன.

காசநோயிலும் இதே கதைதான். ஒரே மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று சேர்த்தால் ஒடுங்கும். இந்தப் பாடத்தை 1960-களில் அமெரிக்க டாக்டர்கள் ஃபிரையும் ஃபிரைரைக்கும் ரத்தப் புற்றுநோயில் கையாண்டனர். வின்கிரிஸ்டின், மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரட்னிசோன் என நான்கையும் சேர்த்துக் கொடுத்தனர். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் அணுவைத் தாக்கும். "குழந்தைகள் தாங்குவார்களா?" என்று சக டாக்டர்களே அஞ்சினர். ஆயினும் நெடுநாள் நோயின்றி வாழ்ந்த குழந்தைகள் தோன்றினர்.

அடையாறில் நடந்த சோதனை

இந்தியாவில் 1970-களின் இறுதியில், இந்நோய் கண்ட 100 பேரில் 20 பேர்கூடப் பிழைக்கவில்லை. 1984-ல் தொடங்கிய 'எம்.சி.பி. 841' என்னும் கூட்டு மருந்து முறையை அடையாறு புற்றுநோய் நிலையம், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்றும் கையாண்டன. அடையாறில் டாக்டர் சாந்தா அம்மையார் இதில் பெரும்பங்கு கொண்டார். 25 வயதுக்குட்பட்ட 1,048 பேரின் கணக்கு 2005-ல் வெளியானது. நான்காண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறி, 100-க்கு 45 முதல் 60 வரை! மருந்தின் கடுமையால் நேரும் மரணங்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம்.

சோதனை என்றால் பயமா?

'நம் பிள்ளையைச் சோதனைக்கு விடுவதா?' என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. பெரும்பாலும் இன்று வழக்கிலுள்ள நல்ல வைத்தியத்தோடுதான் புதிய முறை ஒப்பிடப்படுகிறது. முழு விவரம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம். வழக்கமான வைத்தியம் நிற்காது.

நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள்! செடியில் மருந்து மிக நுண்ணிய அளவே உண்டு, நஞ்சும் கலந்திருக்கிறது.

இந்த வைத்தியம் இரண்டு ஆண்டுக்கு மேலும் நீளலாம். முதல் மாதத்திலேயே குழந்தை ஓடி விளையாடும். 'குணமாகிவிட்டது' என்று ஊர் திரும்பிவிடுபவர்களும் உண்டு. மறைந்திருக்கும் அணுக்கள் காத்திருப்பது அதற்குத்தானே? நடுவழியில் நிறுத்தாதிருப்பதே, நால்வகை மருந்துக்குத் துணை நிற்கும் ஐந்தாவது மருந்து!