‘கம்பெனி வேலை’ என்ற பதில் போதாது

நோயாளியிடம் விவரம் கேட்பது செவிலியர் பணியில் பாதி. ஓ.பி. சீட்டில் பெயரும் வயதும் சரியாக ஏறிவிடும். தொழில் மட்டும் ‘கூலி’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். பீங்கான் பட்டறைகள் உள்ள மங்கலம்பேட்டை, விருத்தாசலம் வட்டாரத்துக்கு அது உதவாது. பீங்கான் பட்டறைத் தூசியைப் பல வருடம் சுவாசித்தவர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார். அதுவரை மெடிக்கலில் கேட்டு வாங்கிய இருமல் டானிக்தான் வைத்தியம்.

வேலையைக் கேட்பது

இத்தாலிய மருத்துவர் ராமசினி, தொழில் நோய்கள் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், நோயாளியின் தொழிலையும் கேட்கும்படி வற்புறுத்தினார். குயவர்களுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு.

“என்ன வேலைங்கய்யா?”

“கம்பெனி வேலைம்மா.”

இதோடு விட்டால் ஒன்றும் தெரியாது. மண் அரைக்கிறாரா, காய்ந்த பொம்மையைத் தேய்க்கிறாரா, எத்தனை வருடமாக என்று கேட்க வேண்டும். சிலிக்கா தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், வேலையை விட்டு வெகுநாள் கழித்தும் தலைகாட்டும். ஆகவே வீட்டோடு இருக்கும் முதியவரிடமும் பழைய வேலையைக் கேட்பது அவசியம்.

‘ஆமாம்’, ‘இல்லை’

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், திட்டு வாங்க யாருக்கு ஆசை? “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்றால் எண்ணிச் சொல்வார்கள். “வேற மருந்து?” என்பதற்கு வரும் “இல்லை”யையும் நம்புவதற்கில்லை. கடையில் வாங்கிய வலி மாத்திரையும் லேகியமும் அவர் கணக்கில் மருந்தே இல்லை. தினமும் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பையைத் திறந்து காட்டச் சொல்வதே மேல். குடி, சளியில் ரத்தம் போன்றவற்றை வரிசையில் நிறுத்தி உரக்கக் கேட்டால் பொய்தான் வரும்.

வெல்லம் தூசியை இறக்குமா?

பட்டறையில் பலர் அப்படி நம்பினாலும், இறக்காது. தின்பது வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது. பாலும் வாழைப்பழமும் அப்படியே. சர்க்கரை நோய் உள்ளவர் தினம் வெல்லம் தின்றால் அது தனிக் கேடு. மூக்கில் கட்டும் துண்டு நுண்ணிய சிலிக்காவைத் தடுக்காது. டானிக் இருமலை அடக்கி நோயை மறைக்கும், அவ்வளவுதான். இந்த நம்பிக்கைகளைக் கேட்டுச் செவிலியர் சிரித்துவிட்டால் அடுத்த முறை நோயாளி வாய் திறக்கமாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத் திருத்துவதே பலன் தரும்.

கெஞ்சியாவது சொல்ல வேண்டியவை

சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். 2 வாரத்துக்கு மேல் இருமினால் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. தயவுசெய்து உலர்ந்த தரையைப் பெருக்க வேண்டாம், தண்ணீர் தெளித்துத் துடைக்கவும். பொருளை ஈரத்திலேயே தேய்க்கவும். பட்டறைச் சட்டையைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் உதற வேண்டாம். பீடியை இன்றே விடவும். சொன்னதெல்லாம் புரிந்ததா என்று கேட்டால் தலைதான் ஆடும். “வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்ப வேண்டும்.