ரத்தம் தடைபட்டால் காது ஏன் கேட்பதில்லை?

காலையில் எழுந்தால் ஒரு காது மட்டும் அடைத்தமாதிரி இருக்கிறது. கூடவே 'ஞொய்' என்று இரைச்சல். அழுக்குதான் என்று எண்ணெய் விடுபவர்கள் பலர். சில சமயம் கோளாறு அதற்கும் உள்ளே, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் இருக்கும்.

காக்ளியாவுக்கு ரத்தம் வருவது ஒரு மெல்லிய தமனியின் கிளைகள் வழியாக. அது அடைபட்டால் பெரும்பாலும் மாற்றுவழி கிடையாது. ரத்தம் ஏன் அவ்வளவு அவசியம்? காக்ளியாவின் பக்கச் சுவரில் நுண்குழாய்கள் பின்னிய ஒரு திசுப்பட்டை, பொட்டாசியத்தை இடைவிடாமல் உள்திரவத்துக்குள் இறைக்கிறது. அதனால் அங்கே சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. ஒலி அதிர்வில் மயிர்ச்செல்களின் நுனி இழைகள் சாயும்போது, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அப்போதுதான் ஒலி நரம்புச் சைகையாகிறது. ஆக்சிஜன் நின்றால் இறைப்பும் நிற்கும், ஓரிரு நிமிடங்களில் மின்னழுத்தம் சரியும். ரத்தம் சீக்கிரம் திரும்பினால் மீளலாம். தாமதித்தால் மயிர்ச்செல்கள் மடியும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

திடீரெனக் காது கேளாமல் போவதெல்லாம் ரத்த அடைப்பால் அல்ல. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. எண்ணெயை வைத்துவிட்டு அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கடும் தலைசுற்றல், வாய் கோணல், பேச்சுக் குழறல் சேர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.