தண்டவாளத்துக்கு முன்னால் குழாய்

வயல்வெளியில் ரயில் பாதை போடுவது ஒரு வேலை. கடைவீதி நடுவே டிராம் பாதை போடுவது முற்றிலும் வேறு வேலை. பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் தண்டவாளத்தின் மேலேறித்தான் போக வேண்டும். ஆகவே ஜல்லியை விட்டுவிட்டு, சாலை மட்டத்துக்குக் கான்கிரீட்டில் தண்டவாளத்தைப் புதைக்கிறார்கள். சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்குத் தண்டவாளத்தின் தலையிலேயே ஒரு பள்ளம் இருக்கும்.

தோண்டி, மண்ணை இறுக்கி, கீழ்த்தளம் போட்டபின் தண்டவாளங்களைத் தாங்கிகளில் நிறுத்துகிறார்கள். இடைவெளி 1,435 மில்லிமீட்டர்தானா, மட்டம் சரியா என்று அளந்து திருத்திய பிறகே கான்கிரீட் கொட்டுவார்கள். இறுகிய பின் பிழை தெரிந்தால் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தண்டவாளத்துக்கு ரப்பர் உறையும் உண்டு. அதிர்வைக் குறைப்பதோடு அதற்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. மேலே உள்ள கம்பியிலிருந்து டிராம் எடுக்கும் நேர்மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. அது மண்ணில் கசிந்தால் அருகிலுள்ள இரும்புக் குழாயில் ஏறும். குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் உலோகத்தை அரித்துத் தின்றுவிடும்.

உண்மையில் செலவும் காலமும் போவது இந்தக் குழாய்களில்தான். குடிநீர், எரிவாயு, சாக்கடை, தொலைபேசி எல்லாவற்றையும் முதலில் பாதையை விட்டு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நாளை ஒரு குழாய் வெடித்தாலும் டிராமை நிறுத்தித் தளத்தைப் பிளக்க வேண்டியதுதான்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் இதில் பெரும்பாடு பட்டது. குழாய்களை மாற்றும் பணி இழுத்தடித்தது. ஒப்பந்தத் தகராறும் சேர்ந்துகொண்டது. 2009-ல் மாதக்கணக்கில் மூடிப் பாதை போட்ட பிரின்சஸ் தெருவில் தண்டவாளத்தை ஒட்டிய சாலைப்பரப்பு பெயர்ந்துவிட, 2011-ல் மறுபடி மூடினார்கள். அந்த ஆண்டே ஓடியிருக்க வேண்டிய டிராம் 2014 மே 31-ல்தான் ஓடியது. செலவு 77.6 கோடி பவுண்டு; திட்டமிட்ட நியூஹேவன் துறைமுகப் பகுதிக்கோ பாதை அப்போது போய்ச் சேரவே இல்லை. கடையைத் திறந்துவைத்துவிட்டு வேலிக்குப் பின்னால் காத்திருந்த வியாபாரிகளுக்கு இந்தத் தாமதம் அநியாயம்.

பின்னர் பாதையை நியூஹேவன் வரை நீட்டித்தபோது முறையை மாற்றினார்கள். ஒரு பகுதியை ஒரே தடவை மூடி, குழாய் வேலையும் தண்டவாள வேலையும் முடித்த பிறகே திறந்தார்கள். கான்ஸ்டிடியூஷன் தெருவில் பழைய தேவாலயக் கல்லறை சாலைக்கடியிலும் நீண்டிருந்தது. 360-க்கும் மேற்பட்டோரின் எலும்புகளைத் தொல்லியலாளர்கள் பொறுமையாக வெளியே எடுத்தார்கள். அப்படியும் ஒதுக்கிய 20.7 கோடி பவுண்டுக்குள் வேலை முடிந்து, 2023 ஜூன் 7-ல் டிராம்கள் நியூஹேவன் வரை ஓடத் தொடங்கின.