வாடைக்கும் சோளகத்துக்கும் ஒரு பாதை

பண்டத்தரிப்பில் இருந்து பலாலி நேர்கோட்டில் பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான் வரும். ஆனால் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பிறகு, அங்கேயுள்ள விமான ஓடுபாதையைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. காணாவிட்டால் என்ன, அது எந்தத் திசையில் கிடக்கிறதென்று தோட்டத்தில் நிற்கிற எவரும் சொல்லிவிடலாம். காற்று வீசுகிற திசையில்.

பாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் பெரிதாக எழுதியிருப்பார்கள். இவை திசைகாட்டியின் பாகைகள். 50 பாகையில் கடைசிப் பூச்சியத்தை விட்டால் 05, 230 இல் விட்டால் 23. ஒன்று வடகிழக்கு, மற்றது தென்மேற்கு. எங்கள் பேச்சில் சொன்னால் வாடையும் சோளகமும். பூமியின் காந்த வடக்கு மெல்ல நகர்வதால் இந்த எண்களும் நிரந்தரமில்லை. லண்டன் ஸ்ரான்ஸ்ரெட்டில் 05/23 என்றிருந்ததை 2009 இல் 04/22 என்று மாற்றி எழுதினார்கள். தார் அசையவில்லை, வடக்குத்தான் அசைந்தது.

விமானம் ஏன் காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும்? தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிற பிள்ளையைக் கேளுங்கள். காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஓடுவான். இறக்கைக்குத் தேவை காற்றோடான வேகம், நிலத்தோடான வேகமல்ல. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு எதிரே 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், தரையைத் தொடும்போது அது 170 இல்தான் ஓடும். பிறேக் தின்னவேண்டிய சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால்வாசிக்கு மேல் மிச்சம். குட்டைப் பாதைக்கு இது உயிர்மூச்சு.

பலாலிப் பாதையை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. போர் முடிந்ததும் கைவிட்டது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் டக்கோட்டா ஒன்று இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, மதராசுக்குப் பறந்தது. அந்தக் கம்பனியின் முதல் பறப்பே அதுதான். பிறகு உள்நாட்டு யுத்தம் வந்து வெளிநாட்டுச் சேவை நின்றது. இலங்கை விமானப்படை பாவித்ததால் பாதை முழுக்கப் பாழாகவில்லை. 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சில மாதத்தில் கொரோனா வந்து சென்னைச் சேவை நின்றது. மறுபடி சென்னை விமானம் வந்தது 2022 டிசம்பர் 12 இல்.

விட்டுப்போன ஓடுபாதை எப்படிச் சாகும்? தார் வெயிலில் பசை வற்றி இறுகும், வெடிக்கும், மாரித் தண்ணீர் உள்ளே இறங்கும், வெடிப்பில் அறுகு முளைக்கும். வலிகாமத்தில் அடியிலே சுண்ணக்கல் கிடப்பதால் இதெல்லாம் திருத்தக்கூடிய வருத்தம். எனக்குப் பயங்கரமாய்ப் படுவது வடலி, அதாவது இளம்பனை. விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் இறங்கும். தரை தொடும் இடத்துக்கு 500 மீற்றர் முன்னால் அதன் உயரம் வெறும் 26 மீற்றர். நன்றாக வளர்ந்த பனை 30 மீற்றரும் போகும். பாதை முனைக்கு அப்பால் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு வடலி, இரண்டு மூன்று தலைமுறையில் ஓடுபாதையின் ஒரு பக்கத்தையே பூட்டிவிடும். தாருக்கு ஒரு கீறலும் விழாமலே!

விட்டுப்போன பாதைகள் இங்கே மட்டுமல்ல. வட கனடாவிலும் அலாஸ்காவிலும் சுரங்கக்காரரும் வேட்டைக்காரரும் போட்டுவிட்டுப் போன தனியார் சரளைப் பாதைகள் ஏராளம். அங்கே எதிரி அடிநிலத்து உறைபனி. அது உருகினால் பாதை அலை அலையாய் வளையும். அதனால் அனுபவசாலி விமானி நேரே இறங்கமாட்டான். சில்லை லேசாக நிலத்தில் தேய்த்து ஓட்டி, மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் தடத்தைப் பார்ப்பான். தடத்தில் தண்ணீர் ஊறியிருந்தால் திரும்பிவிடுவான்.

மார்கழி தையில் பண்டத்தரிப்பில் நிற்கிறீர்களா? பனையோலை தென்மேற்கே சாய்ந்தால் வாடை வீசுகிறது. அன்றைக்குச் சென்னை விமானம் பெரும்பாலும் 05 இல்தான் இறங்கும்; எங்கள் பக்கம் சுற்றி வந்து, மல்லாகத்துக்கு மேலால் தாழ்ந்து போகும். ஆடிச் சோளகத்திலோ அது மறுமுனையால், கடற்பக்கமாய் வந்துவிடும். அன்றைக்கு உங்களுக்குச் சத்தமும் கேட்காது.